ஜாக்கெட் தைத்த கை, சதுரத்தில் ஏன் தடுமாறுகிறது?

கேட்டவர் ராயபுரத்தில் இருக்கிறார். பத்து வருடமாக அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட், நைட்டி தைத்துக் கொடுக்கிறார். பிரின்ட் போட்ட காட்டனில் சின்னச் சின்னப் பரிசுப் பொருட்களும், நாத்தனார் குழந்தைக்கு ஒரு குயில்ட்டும் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்க ஆசைப்பட்டு, வீடியோ பார்த்து ஆரம்பித்திருக்கிறார். சதுரங்களை ஒட்டினால் மூலைக்கு மூலை சேரவில்லையாம், ஓரம் அலை அலையாக நிற்கிறதாம். "பத்து வருஷம் மெஷின் மிதிச்ச எனக்கே ஏன் இப்படி? எந்தத் துணி வாங்கணும், எங்கே வாங்கணும், உள்ளே என்ன வைக்கணும், இதை விற்க முடியுமா?" என்று கேட்கிறார்.

பத்து வருஷம் மிதித்ததால்தான் இப்படி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கும் இதே கதைதான் நடந்தது. ஜாக்கெட் என்பது உடம்புக்குத் தைப்பது. உள்ளே ஒரு இஞ்சு விட்டுத் தைப்போம், லூசாக இருந்தால் பிடிப்போம், இறுக்கமாக இருந்தால் பிரிப்போம். தையல் ஒரு நூல் அப்படி இப்படிப் போனாலும் உடம்பு அதை மறைத்துவிடும். சதுரத்துக்கு உடம்பு கிடையாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு சதுரம்தான் அதற்கு அளவு. இஞ்சுக்கு எட்டு நூல் என்பது உங்களுக்குத் தெரியும். குயில்ட் வேலையில் தையலுக்கு விடும் ஓரம் கால் இஞ்சு, அதாவது இரண்டு நூல். நீங்கள் பழக்கத்தில் அரை நூல் கூடுதலாகப் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒரு தையலில் இரண்டு துணியும் சேர்ந்து ஒரு நூல் குறையும். வரிசைக்கு ஆறு சதுரம் என்றால் ஐந்து தையல், ஐந்து நூல். அரை இஞ்சுக்கு மேல் காணாமல் போய்விட்டது. அடுத்த வரிசையில் சரியாகப் பிடித்திருப்பீர்கள். இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றை இழுத்து மற்றொன்றோடு பொருத்தியிருப்பீர்கள், ஜாக்கெட்டில் கையைச் சேர்ப்பதுபோல. உங்கள் அலை அங்கேதான் பிறந்தது.

இதற்குக் கண் பழக்கம் போதாது, தடுப்பு வேண்டும். ஊசியை இறக்கி, ஊசி முனையிலிருந்து வலப்பக்கம் சரியாகக் கால் இஞ்சு அளந்து, மெஷின் தட்டின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை நான்கைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணி ஓரம் அந்தத் திண்டில் உரசிக்கொண்டே போக வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் அகலத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு மெஷினுக்கும் அது ஒவ்வொரு விதம். அப்புறம் ஒரு பரீட்சை: ஒன்றரை இஞ்சு அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து அயர்ன் செய்து அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்சு, மொத்தம் மூன்றரை இஞ்சு வர வேண்டும். வராவிட்டால் பிளாஸ்திரியை நகர்த்துங்கள். இந்தப் பரீட்சையில் தேறாமல் ஒரு சதுரம்கூடத் தைக்காதீர்கள்.

வெட்டுவதிலும் இதே கதை. நாம் நான்கு மடிப்பாகப் போட்டுக் கத்திரியை ஓட்டிப் பழகியவர்கள். கீழ் மடிப்பு நழுவியிருக்கும், ஜாக்கெட்டில் தெரியாது, இங்கே தெரியும். இரண்டு மடிப்புக்கு மேல் வேண்டாம். உருளும் கத்தியும் பச்சைப் பாயும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள், வாங்கத் தேவையில்லை. தேவராஜ முதலி தெருப் பக்கம் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடைகளில் கேட்டு, ஆறரை இஞ்சுக்கு ஆறரை இஞ்சு அக்ரிலிக் தகடு ஒன்று வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை வைத்துக் கோடு போட்டால் இருபதாவது சதுரத்தில் அட்டையின் மூலை மழுங்கிவிடும், தகடு மழுங்காது. தகட்டின் ஓரத்தைத் துணிக் கரைக்கு இணையாக வைத்துக் கோடு போடுங்கள். நேர் இழை நேராகவே இருக்க வேண்டும். கட்டம், கோடு போட்ட பிரின்ட் வாங்கினால் இன்னொரு வம்பு உண்டு. அச்சடிக்கும்போது துணி சாய்ந்திருந்தால் கோடு ஒரு பக்கமும் இழை ஒரு பக்கமும் போகும். கடையில் பிட்டு கிழித்துத் தரும்போதே பார்த்துவிடலாம். கிழிந்த ஓரமும் அச்சுக் கோடும் சேர்ந்து போகாவிட்டால் வேறு துணி காட்டச் சொல்லுங்கள்.

அயர்ன் பெட்டியைத் தள்ளித் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். தள்ளினால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். ஒரு வரிசையில் தையல் ஓரங்களை இடப்பக்கமும் அடுத்த வரிசையில் வலப்பக்கமும் மடக்கி அழுத்தினால், இரண்டு வரிசையும் சேரும் இடத்தில் மேடும் மேடும் ஒன்றையொன்று முட்டி நிற்கும். மூலை தானாகச் சேரும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் இரண்டு வருடம் ஊசி குத்திக் குத்தி மூலை சேர்த்துக்கொண்டிருந்தேன்.

இனி துணி. நம்மிடமே நல்ல துணி இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம்: நைட்டி துணி. சாயம் நிற்கும், நெருக்கமான நெசவுள்ள காட்டன் நைட்டி துணிதான் குயில்ட்டுக்குச் சரியான கனம். நீங்களே தைப்பதால் மிச்சத் துண்டு மூட்டையாகக் கிடக்கும். அதற்கடுத்து பாப்லின், கேம்ப்ரிக். மல் துணி மெல்லியது, கூடவே கனமான துணி சேர்ந்தால் சுருங்கும். ஜாக்கெட்டுக்குப் போடும் மெல்லிய லைனிங் துணியும் அப்படித்தான், பைக்கு உள்ளே போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே குயில்ட்டில் எல்லாத் துணியும் கிட்டத்தட்ட ஒரே கனமாக இருக்க வேண்டும். இது பிரின்ட் அழகைவிட முக்கியம்.

ரேயானைக் காட்டன் என்று சொல்லி விற்பது நிறைய நடக்கிறது. இழையைக் கொளுத்திப் பார் என்பார்கள். பாலியஸ்டரைக் கண்டுபிடிக்க அது உதவும், உருகி மணி மணியாகத் திரளும். ரேயான் எரிந்தாலும் காட்டன் மாதிரியேதான் காகிதம் எரியும் வாடை வரும், ஏமாந்துவிடுவீர்கள். ஒரு இழையை உருவி நடுவில் ஈரப்படுத்தி இழுங்கள். ரேயான் ஈரத்தில் பலம் இழக்கும், சட்டென்று அறுந்துவிடும். காட்டன் ஈரத்திலும் தாங்கும்.

சாயம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பட்டவள் நான். திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் உறவுப் பெண்ணின் குழந்தைக்கு வெள்ளையும் அரக்குமாக ஒரு குயில்ட் தைத்தேன். கலம்காரி பிரின்ட் துணி. கடைக்காரர் "சாயம் போகவே போகாது, நான் கேரன்ட்டி" என்றார். நானும் நனைக்காமல் தைத்துவிட்டேன். முதல் துவைப்பிலேயே வெள்ளைச் சதுரம் எல்லாம் வெளிர் ரோஸ். அந்தப் பெண் நல்லவள், "இதுவும் நல்லாத்தான் இருக்கு அத்தை" என்றாள். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

விஷயம் என்னவென்றால், இன்று நல்ல பிரின்ட் துணியில் போடும் ரியாக்டிவ் சாயம் பஞ்சு இழையோடு நிஜமாகவே பிணைந்துவிடும். ஆனால் பிணையாமல் மிஞ்சிய சாயத்தை அலசி எடுக்க நிறையத் தண்ணீர் வேண்டும். அதைச் சரியாகச் செய்யாத துணிதான் முதல் இரண்டு மூன்று துவைப்பில் ஒழுகும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது நம் வீடுகளில் நெடுங்காலமாகச் சொல்வது. சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு, ஏற்றி முடித்த துணியில் அது சாயத்தை நிறுத்தாது. வினிகரும் அப்படித்தான். செய்ய வேண்டியது ஒன்றுதான்: தைப்பதற்கு முன் ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகச் சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு, தண்ணீர் தெளியும் வரை அலசுவது. நான்கு முறைக்கு மேலும் தெளியாவிட்டால் அந்தத் துணி குயில்ட்டுக்கு ஆகாது, பைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஈரத் துணியின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து அயர்ன் பெட்டியை அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் கறை விழாவிட்டால் தைரியமாக வெட்டலாம். துணி சுருங்குவதும் இந்த அலசலிலேயே முடிந்துவிடும். புதுக் காட்டன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும், மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு இஞ்சு.

சாயம் ஒழுகும் துணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் வரும். ஏனென்றால் சாயம் போகாத பூத்துணிக்குத்தான் ஒரு காலத்தில் இந்தக் கரையே பேர் வாங்கியது. நம் பக்கத்து வண்ணாரப்பேட்டைக்கு அந்தப் பேர் வந்ததே, கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் இங்கே குடியிருந்ததால்தான். மெட்ரோ நிற்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலட்பேட்டை. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்ததும் துணி வியாபாரத்துக்குத்தான். அப்போது சிவப்புக்குச் சாயவேர். கடலோர மணலில் விளையும் ஒரு சின்னச் செடியின் வேர் அது. துணியில் படிகாரம் ஏற்றிச் சாயவேரில் காய்ச்சினால் சிவப்பு பிடிக்கும், துவைத்தாலும் போகாது. கறுப்புக்கு இரும்பு. ஐரோப்பாவில் அப்படி ஒரு துணியை அதற்கு முன் அவர்கள் பார்த்ததில்லை. எல்லாரும் இதையே வாங்கவும், தங்கள் ஊர் நெசவு அழியும் என்று பயந்து, பிரான்சில் 1686-இலும் இங்கிலாந்தில் 1701-இலும் தடை போட்டார்கள். 1721-இல் இன்னொரு சட்டம் போட்டு, அச்சடித்த காட்டனை உடுத்துவதையே இங்கிலாந்தில் தடுத்தார்கள். லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில், இந்தியப் பூத்துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒரு விரிப்பு இருக்கிறது. 1708 வாக்கில் தைத்தது, இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்று என்பார்கள். வெளிநாட்டு வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்று நாம் நினைக்கும் வேலையின் ஆரம்பத் துண்டுகள் நம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப் போனவை.

சரி, எங்கே வாங்குவது? எம்.சி. ரோடு உங்களுக்கு நடக்கிற தூரம். ஆனால் அது புடவைக்கும் ரெடிமேடுக்கும் போகிற இடம். மீட்டர் துணிக்கு நான் ஜார்ஜ் டவுனுக்குத்தான் போவேன். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நடந்தால் கோடவுன் தெரு. மொத்த வியாபாரத் தெரு, சில கடைகளில் முழுத் தானாகத்தான் (வெட்டாத முழுச் சுருளாக) தருவார்கள், வாசலிலேயே கேட்டுவிடுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து போனால் ஒரு தானைப் பிரித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், சாயங்காலம் நெரிசலில் கால் வைக்க முடியாது. காலை பதினொன்றுக்குப் போனால் கடைப்பையன் துணியைப் பொறுமையாக விரித்துக் காட்டுவான். ஜிப், ரன்னர், நாடா, லேஸ் எல்லாம் சௌகார்பேட்டையின் சந்துகளில். ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு நீங்கள் எதுவுமே வாங்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. உங்கள் மிச்சத் துண்டுகளோடு, பக்கத்துத் தெரு டெய்லரிடம் ஒரு மூட்டை கேட்டு வாங்குங்கள். குப்பைக்குப் போகிற துணி, ஒரு டீக்குத் தருவார்.

பிரின்ட் தேர்வில் எல்லாரும் செய்யும் தப்பு, பிடித்த பிரின்ட்டை எல்லாம் சேர்த்துப் போடுவது. எல்லாம் பெரிய பூவாக இருந்தால் எதுவுமே பூவாகத் தெரியாது. ஒரு பெரிய பூ, இரண்டு மூன்று பொடிப் பூ, ஒரு புள்ளி அல்லது கோடு, கண் ஓய்வெடுக்க ஒரு பிளெயின். நிறத்தைவிட வெளிச்சம்தான் முக்கியம். துணிகளை வரிசையாக வைத்து போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் குயில்ட்டும் கூழாகத்தான் தெரியும். யானை, மயில் போட்ட துணியில் தலை எந்தப் பக்கம் என்று பார்த்து வெட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒரு யானை இன்னும் தலைகீழாகத்தான் நடக்கிறது.

குயில்ட்டுக்கு முன் சின்னப் பொருளில் கை பழகட்டும். முதலில் கரித்துணி. எட்டு இஞ்சுச் சதுரம், மேலே ஒட்டுத்துணி, உள்ளே பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு, பின்னால் பழைய ஜீன்ஸ். உள்ளே பாலியஸ்டர் ஷீட் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் உருகும். கால் இஞ்சுத் தையல், அடுக்கு சேர்ப்பது, ஓரம் கட்டுவது என்று குயில்ட்டின் எல்லாப் பாடமும் இதிலேயே இருக்கிறது. தப்பானாலும் அடுப்படியில் உழைக்கும்.

அடுத்து சுருக்குப்பை. பாட்டி இடுப்பில் செருகியிருந்ததுதான். இன்றைக்கு அதில் இயர்போன் போட்டுக்கொள்கிறார்கள். எட்டு இஞ்சுக்கு இருபது இஞ்சு துண்டு ஒன்று. நான்கு மூலையிலும், மேல் விளிம்பிலிருந்து மூன்று இஞ்சு தூரத்துக்குப் பக்க ஓரத்தை மெல்லிசாக இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துவிடுங்கள். பின் துணியை நல்ல பக்கம் வெளியே தெரிய இரண்டாக மடித்து, அந்த மூன்று இஞ்சை விட்டுவிட்டு இரு பக்கமும் தையுங்கள். உள்ளே வெளியே திருப்பி இன்னொரு தையல், பிசிறு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மேல் விளிம்பை அரை இஞ்சும் பின் ஒரு இஞ்சும் மடித்துத் தைத்தால் நாடா போகும் குழாய். இருபது இஞ்சு நாடா இரண்டு. ஒன்றை இடப்பக்கமிருந்து நுழைத்துச் சுற்றி இடப்பக்கமே எடுங்கள், இன்னொன்றை வலப்பக்கமிருந்து. இரண்டையும் இழுத்தால் வாய் சுருங்கும். ஒரு நைட்டியின் மிச்சத் துணியில் இரண்டு வரும்.

தாம்பூலப்பையும் இதே முறைதான். பத்துக்கு இருபத்தாறு இஞ்சு துண்டு, அடி மூலைகளை மட்டும் மூன்று இஞ்சுக்குக் குறுக்கே பிடித்துவிடுங்கள், பை உட்காரும். முதலில் ஒன்று தைத்து, மட்டை உரித்த தேங்காயைப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை வெட்டுங்கள். ஒரு வளைகாப்புக்கு நாற்பது பை தைத்து, தேங்காய் நுழையாமல் கடைசியில் சாத்துக்குடி வைத்துக் கொடுத்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். யார் வீடு என்று கேட்காதீர்கள்.

மூக்குக் கண்ணாடி உறை, ஜிப் பர்ஸ், டைரி உறை எல்லாம் இதற்கப்புறம் தானாக வரும். அயர்ன் வைத்தால் ஒட்டும் கேன்வாஸ் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டால் விறைப்பாக நிற்கும், அவ்வளவுதான்.

இப்போது குழந்தை குயில்ட். அளவு 36க்கு 42 இஞ்சு. ஆறரை இஞ்சுச் சதுரம் தைத்தபின் ஆறு இஞ்சாக நிற்கும். குறுக்கே ஆறு, நீளத்தில் ஏழு, மொத்தம் 42. நாற்பத்துநான்கு இஞ்சுப் பன்னா (அகலம்) உள்ள துணியில் ஒரு பட்டைக்கு ஆறு சதுரம் கிடைக்கும். எனவே ஏழு விதப் பிரின்ட்டில் கால் மீட்டர் ஒவ்வொன்று போதும். மிஞ்சும் மூன்று இஞ்சுப் பட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்பக்கத்துக்கு ஒண்ணேகால் மீட்டர். ஓரம் கட்ட முப்பத்தைந்து சென்டிமீட்டர்.

உள்ளே என்ன வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் குளிருக்காகப் பஞ்சு ஷீட் வைக்கிறார்கள். நம் ஊரில் பாலியஸ்டர் ஷீட் வைத்த குயில்ட்டைப் போர்த்தினால் குழந்தை வியர்த்துக் கொட்டும். என் கணக்கு எட்டு முழ வேட்டி. துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய வேட்டி ஒன்றை 46 இஞ்சு நீளத்தில் மூன்றாக வெட்டினால் மூன்று அடுக்கு. காற்று போகும், சீக்கிரம் காயும், கார்த்திகை மாதத்திலும் பூஞ்சை பிடிக்காது. ஃப்ளானல் ஒரு அடுக்கும் நன்றாக இருக்கும், ஆனால் அதை முதலில் நனைத்துச் சுருக்கிவிட வேண்டும்.

பின் துணியைக் கவிழ்த்துத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, மேலே வேட்டி, அதன் மேல் ஒட்டுத்துணி. கையகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்துங்கள். குத்திய குயில்ட்டை மாதக்கணக்கில் கட்டிவைக்காதீர்கள். காசிமேட்டுக் கடல் காற்றில் ஊக்கு பத்து நாளில் துருப்பிடிக்கும், துருக்கறை துணியை விட்டுப் போகாது. இதுவும் அனுபவம்தான். தைக்கும்போது நடுவிலிருந்து வெளியே போங்கள், ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் நடுவில் துணி மூட்டை கட்டிக்கொள்ளும். பழைய கறுப்பு மெஷினாக இருந்தால் பிரஷர் கம்பியின் தலையில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அடுக்கு தடையில்லாமல் நகரும். தையல் நீளத்தைப் பெரிதாக்கி, 14-ஆம் நம்பர் புது ஊசி போட்டு, சதுரத் தையலுக்குக் கால் இஞ்சு தள்ளி நேர்க்கோடாகவே தையுங்கள். கால் மெஷின் இதற்கு மோட்டாரைவிட மேல், நினைத்த இடத்தில் நிற்கும்.

மெஷினே வேண்டாம் என்றால் கையில் ஓட்டுத் தையல். கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான ‘சித்தி’ என்ற சமூகப் பெண்கள் காவந்தி என்று ஒரு குயில்ட் தைக்கிறார்கள். பழைய துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து ஒட்ட ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிப்பார்கள், எல்லாம் கையால். அளவு கிடையாது, தகடு கிடையாது, ஒவ்வொன்றும் கொள்ளை அழகு. அவர்கள் ஓரத்திலிருந்து வந்தால் மட்டும் மூட்டை கட்டாதா என்று கேட்பீர்கள். துண்டு துண்டாகக் கையால் படியவைத்துக்கொண்டே வருவதால் கட்டாது. நம் கோயில் தேரில் தொங்கும் தொம்பையும் துணி மேல் துணி வைத்துத் தைத்ததுதானே. சதுரம் உங்களுக்கு ஒத்துவரவே இல்லை என்றால் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள், தப்பில்லை.

ஓரம் கட்டுவதில்தான் நீங்கள் மற்றவர்களை முந்தப் போகிறீர்கள். இரண்டரை இஞ்சுப் பட்டைகளை இணைத்து இரண்டாக மடித்து, முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பி ஹெம்மிங். இத்தனை ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் போட்ட கை, புதிதாகக் கற்பவர்களால் கிட்ட வர முடியாது. கழுத்துக்கு வெட்டும் பழக்கத்தில் க்ராஸ் பீஸ் (இழைக்குச் சாய்வாக வெட்டும் பட்டை) வெட்டிவிடாதீர்கள். நேரான ஓரத்துக்கு நேர்ப்பட்டை போதும், இழுபடாது. க்ராஸ் வளைவுக்கு மட்டும்.

குழந்தைக்கு என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டன், மணி, தொங்கும் நாடா எதுவும் வேண்டாம். ஒரு வயது வரை தூங்கும்போது இதைக் குழந்தையின் மேலோ, தொட்டிலுக்குள்ளோ போட வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொல்லிக் கொடுங்கள். முகத்தை மூடினால் விலக்கத் தெரியாத வயது அது. தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட விடலாம், பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

விற்பது பற்றி. குயில்ட்டை விற்காதீர்கள், தைரியமாகச் சொல்கிறேன். ஒரு குழந்தை குயில்ட்டுக்கு எனக்கே இரண்டு முழு நாள் போகிறது. அந்த இரண்டு நாளில் நீங்கள் எத்தனை ஜாக்கெட் தைப்பீர்கள், என்ன கூலி வாங்குவீர்கள் என்று கணக்குப் போடுங்கள். அதோடு துணிக்காசைக் கூட்டி விலை சொன்னால், "எம்.சி. ரோட்டுல பெட்ஷீட்டே இதுல பாதிதான்" என்பார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. பை வேறு. நாற்பது, ஐம்பது தாம்பூலப்பை ஒரே அளவில் வெட்டி, ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல், அடுத்த ஓட்டமாக மடிப்பு என்று தைத்தால் கணக்கு கட்டும். கல்யாணம், வளைகாப்பு, நவராத்திரி என்று நம் பக்கம் ஆர்டருக்குப் பஞ்சமில்லை. பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டு துணி எடுங்கள், சொந்தக்காரராக இருந்தால் கட்டாயமாக வாங்குங்கள்.

கடைசியாக, அலை அலையாக நிற்கிறது என்றீர்களே, அந்த ஒட்டுத்துணி. அதைப் பிரிக்க உட்காராதீர்கள், பிரித்தால் ஓரங்கள் நூல் நூலாகப் போய் இன்னும் சின்னதாகும். நன்றாக ஆவி விட்டு அழுத்தி, மட்டமாகப் படியும் பகுதிகளை அளந்து எட்டு இஞ்சுச் சதுரங்களாக வெட்டிவிடுங்கள். கரித்துணிக்கு மேல் துணி தயார். குறைந்தது ஆறு தேறும்.